அளவு ஜாக்கெட்

டாக்டர் கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. அவசரமே இல்லம்மா, ஒண்ணொண்ணா வெச்சுப் பாருங்க, கண்ணாடி முன்னாடி நடங்க, குனிங்க, கையைத் தூக்குங்க, எது நீங்கன்னு தோணுதோ அதைச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எது நீங்கன்னு தோணுதோ. எவ்வளவு லேசா சொல்லிட்டாங்க. ஏசி நேரா முதுகுல அடிக்குது. ஸ்டீல் தட்டுல மூணு ஜோடி வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணுலயும் நம்பர், இருநூத்தி இருபத்தஞ்சு, இருநூத்தி அம்பது, இருநூத்தி எழுபத்தஞ்சு. எல்லாம் சிசி. பைக்குக்குத்தான் சிசி சொல்லிக் கேட்டிருக்கேன். தொட்டா வழவழன்னு இருக்கு, அமுக்கினா உள்ள போய் மெதுவா திரும்பி வருது, ஃப்ரிட்ஜ்லேர்ந்து அப்பத்தான் எடுத்த கால் லிட்டர் பால் பாக்கெட் மாதிரி. இது சும்மா வெச்சுப் பாக்கறதுக்கு. அவங்க குடுத்த பாடிக்குள்ள இதைச் சொருகிப் பாத்துட்டு ஒரு நம்பர் சொன்னா, அதே அளவு சிலிக்கான் கம்பெனியிலேர்ந்து வரும், அதைத் தோலுக்குள்ள வெச்சுத் தைச்சிடுவாங்க. இப்ப புரட்டாசி. தையில எனக்குக் கல்யாணம். தையல் ஆறி, வீக்கம் வடிஞ்சு, எல்லாம் உட்கார வேண்டிய இடத்துல உட்கார மூணு மாசம் வேணுமாம். அதனால இன்னைக்குச் சொல்லியாகணும். வெளிய அக்கா சுகந்தி என் கைப்பையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அம்மாவைப் பொறுத்தவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் மலைக்கோட்டைப் பக்கம் பாவாடைத் துணி எடுக்கப் போயிருக்கோம். தில்லைநகர்ல ஒரு மாடியில, உள்தாழ்ப்பாள் போட்ட ரூம்ல, இடுப்புக்கு மேல துணியில்லாம இந்தச் சுகிர்தா மிஸ் நின்னுட்டிருக்கறது அம்மாவுக்குத் தெரியாது.

முதல்ல சின்னது. இடது பக்கம் வெச்சதும் குளிர்ல உடம்பு தூக்கிவாரிப் போட்டுச்சு. வலது பக்கமும் வெச்சு, மேல என் சுடிதாரை இழுத்து விட்டுக்கிட்டு, கண்ணாடியைப் பாக்காம தரையையே பாத்துட்டு நின்னேன். டைல்ஸ்ல ஒரு மூலை உடைஞ்சிருக்கு. அதுக்குள்ள அழுக்கு அடைஞ்சிருக்கு. பாருடி, இதுக்குத்தானே வந்த. நிமிந்தேன். அட, நல்லா இருக்கு. சத்தியமா நல்லா இருக்கு. டெய்லர் நெஞ்சுக்குன்னு மடிச்சு டார்ட் பிடிச்ச இடம் எனக்கு எப்பவும் சுருங்கிப் போய் மடிஞ்சு கிடக்கும், இப்ப அது நிமிந்து நிக்குது. தோள்பட்டைகூட தானா பின்னால போயிருச்சு. ஸ்கூல்ல நான் நடக்கறதே வேற மாதிரி, நோட்டுக் கட்டை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, துப்பட்டாவை ரெண்டு பக்கமும் ஊக்கு குத்திக்கிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பினாத்தான் எனக்கு நிம்மதி, முதுகுல யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. நான் படிச்ச காலத்துல எனக்குப் பேர் கேரம் போர்டு. பசங்க வெச்ச பேர். பசங்க வெச்சதுகூடப் போகட்டும், அதைக் கேட்டு பி.டி. மிஸ் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்களே, அந்தச் சிரிப்பு இருக்கே, இன்னும் சோறு சாப்பிடறப்பகூட நடுவுல வந்து நிக்குது. ஆக இது கல்யாணத்தால வந்த ஆசை இல்ல. மாப்பிள்ளைன்னு ஒருத்தர் இந்த உலகத்துல இருக்கார்னு தெரியறதுக்கு முன்னாடியே எனக்கு இது வேணும்னு இருந்துச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல. தலைவலின்னா சொல்லலாம், பசின்னா சொல்லலாம், இதை என்னன்னு சொல்றது. கண்ணாடியில இருக்கறவளைப் பாத்து லேசா சிரிச்சேன். அவளும் சிரிச்சா. இதோட நிறுத்திக்கலாம், கதவைத் திறந்து இதுதான் டாக்டர்னு சொல்லலாம். ஆனா பத்தாது. எனக்குப் போதும், ஜாக்கெட்டுக்குப் பத்தாது.

அந்த ஜாக்கெட். அதை நினைச்சாலே காது சூடாகுது. எங்க பக்கம் முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டுல எடுப்பாங்க, ஜாக்கெட்டும் அவங்களே தைச்சு எடுத்துட்டு வருவாங்க. அதுக்காக நிச்சயத்தன்னைக்கே பொண்ணு வீட்டுல அளவு ஜாக்கெட் ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. கரூர்லேர்ந்து வந்த அத்தை, அதான் மாப்பிள்ளை தயாளனோட அம்மா, காபி டம்ளரைக் கீழ வெச்சுட்டு, சம்பந்தி, பொண்ணோட அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுங்க, நல்லா உடம்போட உக்கார்றதா பாத்துக் குடுங்கன்னாங்க. அம்மா உள்ள போனாங்க. நான் வாசப்படி பக்கத்துலதான் தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன். பீரோ திறக்கற சத்தம் கேட்டுச்சு. என்னோடது எல்லாம் மேல் தட்டுல, கண்ணுக்கு நேரா இருக்கும். கீழ் தட்டு இழுக்கற சத்தம் கேட்டுச்சு. கீழ் தட்டு அக்காவோடது. அக்கா கல்யாணமாகிப் போனாலும் அவ துணி பாதி இங்கதான் கிடக்கு. அம்மா வெளிய வந்தப்ப கையில மெரூன் கலர். அக்காவோட மெரூன் கலர். அதை நாலா மடிச்சு, தாம்பாளத்துல வெத்தலை பாக்கோட வெச்சு, ரெண்டு கையாலயும் நீட்டினாங்க. என்னை ஒரு தடவைகூடப் பாக்கல. அந்தக் கூட்டத்துல எழுந்து, அத்தை அது என்னோடது இல்ல, எனக்கு அவ்வளவெல்லாம் இல்லன்னு எந்தப் பொண்ணு சொல்லுவா? சாயங்காலம் கேட்டதுக்கு, கையில கிடைச்சதை எடுத்துக் குடுத்தேன்டி, தைக்குள்ள நீ சதை போட்ருவ, இல்லாட்டி உள்ள எதையாவது வெச்சுக்கிட்டாப் போச்சுன்னாங்க. அன்னைலேர்ந்து காலையில உளுந்தங்களி, சாயங்காலம் நிலக்கடலை, நேந்திரம்பழம். எல்லாம் போய் இடுப்புல உட்கார்ந்துச்சு. மேல ஏற மாட்டேங்குது. அம்மா மேல கோபம்தான், ஆனா மேல் தட்டைப் பாத்துட்டு அம்மா எப்படி நின்னிருப்பாங்கன்னு நினைச்சா கோபத்தை முழுசா வெச்சுக்கவும் முடியல.

இன்னைக்குக் காலையில தயாளன்கிட்டேர்ந்து மெசேஜ். அம்மா சாயங்காலம் ஆரி வேலை பண்றவங்ககிட்ட போறாங்க, உங்க அளவு ஜாக்கெட்டை வெச்சுத் துணியில குறிச்சிடுவாங்களாம், குறிச்சுட்டா அப்புறம் மாத்த முடியாதாம், கழுத்து டிசைன் என்ன வேணும்னு கேக்கறாங்க. நான் பதில் போடல. பாத்துட்டேன்னு அவருக்கும் தெரியும், நீல டிக் விழுந்திருக்கும். கழுத்து டிசைன். கழுத்து ஒண்ணுதான் என்னோடதா இருக்கப் போகுது. சாயங்காலம் அங்க சாக்பீஸால கோடு போடுவாங்க, அதுல ஜரிகை நூல், மணி, கல்லு எல்லாம் கோத்து அந்தக் கோட்டை நிரந்தரமாக்கிடுவாங்க. இங்க அதுக்கு முன்னாடியே டாக்டர் என் நெஞ்சுல ஊதா பேனாவால கோடு போட்டிருக்காங்க, ரெண்டு பக்கமும் அரைவட்டம், மடிப்பு வர்ற இடம். தண்ணி பட்டா ரெண்டு நாள்ல போயிடுமாம் இந்தக் கோடு.

சரி, அடுத்தது. இருநூத்தி அம்பது. எடை கையில தெரியுது. போன தடவை வந்தப்ப டாக்டர் ஒரு வழி சொல்லிக் குடுத்தாங்க, வீட்டுல அரிசியை அளந்து பிளாஸ்டிக் கவர்ல கட்டி உள்ள வெச்சுக்கிட்டு வேலை பாருங்க, கனம் பழகுதான்னு தெரியும்னாங்க. பொன்னி அரிசி. அளந்து, ரெண்டு கவர்ல முடிச்சுப் போட்டு, மேல நைட்டியைப் போட்டுக்கிட்டு ரூமுக்குள்ளயே விடைத்தாள் திருத்தினேன். நல்லாத்தான் இருந்துச்சு, நெஞ்சுல யாரோ கை வெச்சுத் தட்டிக் குடுக்கற மாதிரி. எப்ப முடிச்சு அவுந்துச்சுன்னே தெரியல. மறுநாள் அம்மா கூட்டும்போது கட்டிலுக்கடியிலேர்ந்து கதவு வரைக்கும் அரிசி. வீட்டுல எலி வந்திருக்குடின்னு சொல்லி அம்மா எலிப்பொறி வாங்கிட்டு வந்து, தேங்காய்ச் சில்லு வெச்சு, என் கட்டிலுக்கடியிலயே வெச்சாங்க. இன்னும் இருக்கு அந்தப் பொறி. ஒவ்வொரு நாளும் காலையில எழுந்து காலை ஜாக்கிரதையா கீழ வெக்கறேன். அக்காகிட்ட சொன்னப்ப அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. மாப்பிள்ளை பஸ்ஸுக்குப் பாடி கட்டுற கம்பெனியில சூப்பர்வைசர், அவருகிட்டயே சொல்லிக் கட்டிக்க வேண்டியதுதானேடின்னா. நானும் சிரிச்சேன்.

அவர் அளவுலயே புழங்கறவர். அதுதான் பயம். ஃபோன்ல பேச வேற விஷயம் இல்லாதப்ப வேலையைப் பத்திச் சொல்வார். சேசிஸ் மட்டும்தாங்க வரும், மிச்சதெல்லாம் நாங்க கட்டறதுதான், ஜன்னல் அளவு நூலளவு தப்பினாக்கூட கண்ணாடி உக்காராது, ஓடறப்ப கடகடன்னு சத்தம் போடும், எங்க தப்பிருக்குன்னு நான் காதாலயே கண்டுபிடிச்சிருவேங்கன்னு சொல்வார். பெருமையா சொல்றதில்ல, சாதாரணமாத்தான் சொல்வார். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப நான் ரெண்டு மடங்கு பேட் வெச்சிருந்தேன். போட்டோ எடுத்தப்பவும் அப்படித்தான். அதுக்கப்புறம் ஒரு நாள் பேசறப்ப, போட்டோல பாத்த மாதிரியே நேர்லயும் இருக்கீங்கன்னார். அவ்வளவுதான் சொன்னார். நான் அதை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் போட்டிருப்பேன். முகத்தைச் சொன்னாரா. கலரைச் சொன்னாரா. சிலர் போட்டோவுக்குப் பவுடர் அப்பிக்கறாங்களே, அதைச் சொன்னாரா. இல்ல, அதைத்தான் சொன்னாரா. மாதிரியேன்னு ஏன் சொன்னார், மாதிரின்னு சொல்லியிருந்தாப் போதாதா. எதிர்வீட்டு நந்தினி கல்யாணமாகிப் போய் மூணாம் மாசமே பெட்டியோட வந்துட்டா. என்னாச்சுன்னு தெருவே கேட்டுச்சு. அம்மா சமையக்கட்டுல சித்திகிட்டக் குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு, பொண்ணுகிட்ட ஒண்ணுமே இல்லையாம், எங்களை ஏமாத்திட்டீங்கன்னு மாப்பிள்ளை கேட்டானாம். சொல்லிட்டு அம்மா திரும்பிப் பாத்தாங்க, நான் அங்க நிக்கறேன். உடனே, அடுப்புல பால் பொங்குது பாருடின்னாங்க. பால் பொங்கல. அடுப்புல பாலே இல்ல. எனக்கு இப்ப அந்த முதல் ராத்திரிதான் கண்ணு முன்னாடி நிக்குது. விளக்கை அணைக்கச் சொல்லலாம். அணைச்சா? அவர்தான் காதாலயே கண்டுபிடிப்பாரே.

கணக்குப் பண்ணிப் பாத்தேன். பத்தாம் வகுப்பு அளவியல் பாடம், அரைக்கோளத்தின் கன அளவு, மூன்றில் இரண்டு பை ஆர் கியூப். வருஷா வருஷம் சாக்பீஸ் பிடிச்சு நடத்தற கணக்கு. இருநூத்தி எழுபத்தஞ்சுக்கு ஆரம் அஞ்சு சென்டிமீட்டரைத் தொட்டு நிக்குது. இருநூத்தி இருபத்தஞ்சுக்கு நாலே முக்கால். ரெண்டுக்கும் நடுவுல மூணு மில்லிமீட்டர் இருக்கும். மூணு மில்லிமீட்டர்ல எனக்கும் அந்த ஜாக்கெட்டுக்கும் என்ன ஆயிடப் போகுது? ஆனா உடம்பு அரைக்கோளம் இல்லைன்னு டாக்டர் சிரிச்சாங்க. உங்க மார்பு அகலத்துக்கு இருநூத்தி அம்பதுதான் எல்லை, அதுக்கு மேல போனா தோல் இழுபடும், ஓரம் கைக்குத் தட்டுப்படும், நீங்க ரொம்பப் பிடிவாதம் பிடிச்சா எழுபத்தஞ்சு, அதுவும் நான் சொல்ல மாட்டேன்னாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா சொன்னாங்க, நல்ல டாக்டர், எதையும் மறைக்கல. மடிப்புக்குக் கீழ ஒரு தழும்பு இருக்கும். ஆயுசுக்கும் இப்படியே இருக்காது, பின்னால ஒரு நாள் மாத்த வேண்டி வரலாம். பால் குடுக்கறது பெரும்பாலும் முடியும், உறுதி குடுக்க முடியாது. உணர்ச்சி கொஞ்சம் குறையலாம், சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். உணர்ச்சி குறையலாம். என்னை இதுவரைக்கும் யாரும் தொட்டதில்ல. அது எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. தெரியறதுக்கு முன்னாடியே அது போயிடுமா? வாங்கவே வாங்காத பொருளைத் தொலைக்கறது எப்படின்னு அங்கேயே உட்கார்ந்து யோசிச்சேன், டாக்டர் அதுக்குள்ள தழும்பு கிரீம் வரைக்கும் போயிட்டாங்க. அப்புறம் அந்தத் தழும்பு. பேட் வெச்சா ஒரு ராத்திரியில தெரியும், இதை வெச்சா தழும்பு தெரியும், என்ன இதுன்னு கேட்டா என்ன சொல்றது, சின்ன வயசுல விழுந்துட்டேன்னா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்தேன்னா? பஞ்சுல சொன்ன பொய்யை எடுத்து சிலிக்கான்ல வெச்சுத் தைச்சுக்கப் போறேன், அவ்வளவுதான். தெரிஞ்சும்தான் வந்திருக்கேன்.

கடைசி ஜோடி. இருநூத்தி எழுபத்தஞ்சு. அதுக்கு மேல சுடிதார் போட்டா ஆகாது. கூடவே உள்ள கொண்டு வந்திருந்த துணிப்பையிலேர்ந்து அக்காவோட பச்சை ஜாக்கெட்டை எடுத்தேன். மெரூன் கரூர்ல இருக்கு, அதோட சேர்த்து ஒரே டெய்லர் ஒரே அளவுல தைச்ச இன்னொண்ணு இது, அம்மா குளிக்கற நேரம் பாத்துக் கீழ் தட்டுலேர்ந்து எடுத்தேன். இந்த ஜாக்கெட்டுக்குச் சரியா வரணும் டாக்டர்னு சொன்னப்ப அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. ஜாக்கெட்டைத்தாம்மா உடம்புக்குத்... அப்படின்னு ஆரம்பிச்சு நிறுத்திக்கிட்டாங்க. கீழேர்ந்து ஹூக் போட்டேன். முதல் ஹூக், ரெண்டாவது, நெஞ்சுகிட்ட வந்ததும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன், சுலபமா விழுந்துச்சு. நிரம்பியிருக்கு. எங்கேயும் மடிப்பில்ல. ஆகா, வந்துருச்சு. கையைத் தூக்கிப் பாத்தேன். தூக்கின உடனே ஜாக்கெட் கை லொடலொடன்னு தோள் வரைக்கும் சரிஞ்சு ஆடுது. பக்கவாட்டுல திரும்பினேன், முதுகுல ரெண்டு விரல் நுழையற அளவு துணி கூடாரமா நிக்குது. தோள்ல ஒரு பக்கம் இறக்கினா மறுபக்கம் ஏறுது. முன்னால ஒருத்தி, பின்னால ஒருத்தி, கையில ஒருத்தி. நெஞ்சுக்கு சிலிக்கான் இருக்கு, சரி, கைக்கு என்ன வெப்பாங்க? முதுகுக்கு? அவ உடம்பே வேற, அவ எலும்பே வேற. இவ்வளவு யோசிச்ச கழுதைக்கு இது தோணல பாரு, கணக்கு டீச்சராம். கண்ணுல தண்ணி வந்துருச்சு. பச்சைத் துணியில ஒரு சொட்டு விழுந்து கருப்பா பரவுச்சு. அந்த நேரம் பாத்து டாக்டர் கதவைத் தட்டினாங்க. என்னம்மா, ஆச்சா? முதுகுப் பக்கம் பிடிச்சுப் பாக்க அக்காவை வரச் சொல்லட்டுமா? கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் தாழ்ப்பாளை எடுத்தேன்.

அக்கா உள்ள வந்து என்னைப் பாக்கல, ஜாக்கெட்டைத்தான் பாத்தா. "ஏய், இது என்னோடதுடி."

"ஆமா. அம்மா கரூருக்குக் குடுத்துவிட்ட அந்த மெரூனோட தைச்சது. அதுக்குச் சரியா இருக்கணுமே."

அவ கிட்ட வந்து கைத் துணியை விரல்ல பிடிச்சா, முதுகுல ஒரு தடவை இழுத்துப் பாத்தா, அப்புறம் பக்கத்துல இருந்த ஸ்டூல்ல அப்படியே உட்கார்ந்துட்டா. "சுகி, இது எனக்கே இப்ப சேராதுடி. தொளதொளன்னு இருக்கும். பிரசவத்துக்கு வந்திருந்தப்ப தைச்சது. கவினுக்குப் பால் குடுத்துட்டிருந்தேன், பால் கட்டி வீங்கிப் போய் கிடந்தேன், உனக்கு ஞாபகம் இல்லையா, அம்மாதான் முட்டைக்கோஸ் இலை வெச்சுக் கட்டி விட்டாங்களே. பால் நின்னதும் எல்லாம் வடிஞ்சு போச்சு. அதனாலதானே இதையெல்லாம் அம்மா வீட்டுலயே போட்டுட்டுப் போனேன். அந்த மெரூனும் அப்பத் தைச்சதுதான்." சொல்லிட்டு என் நெஞ்சையும் தட்டுல இருக்கற மத்ததையும் மாறி மாறிப் பாத்தா. "இதுக்குப் போயா அறுத்துக்க வந்த? ஏதோ உனக்கு ரொம்ப நாள் ஆசை, அதுக்காகப் பண்ணிக்கறேன்னு நினைச்சேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி, பைத்தியம்."

தலைக்குள்ள எல்லாம் நின்னு போச்சு. கரூர்ல சாயங்காலம் குறிக்கப் போற அளவு என்னோடது இல்ல, அது தெரிஞ்ச விஷயம். அக்காவோடதும் இல்ல. அவ ரத்தத்துல பால் ஓடின அந்தச் சில மாசத்தோட அளவு. அது இப்ப எங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. ஊர்லயே யார்கிட்டயும் இல்லாத ஒரு உடம்புக்குப் பட்டுத்துணியில மயில் போடப் போறாங்க, அந்த உடம்பா ஆகறதுக்கு நான் இங்க நிக்கறேன். அம்மாவுக்காவது இது தெரிஞ்சிருக்குமா? தெரிஞ்சிருக்காது. கீழ் தட்டுல கைக்கு வந்ததை எடுத்தாங்க, அந்தப் பதட்டத்துல எது பெருசோ அது. சிரிப்பா வந்துச்சு, அக்காவுக்கும் வந்துச்சு போல, ஆனா ரெண்டு பேரும் சிரிக்கல. ஹூக்கை ஒண்ணொண்ணா கழட்டினேன். ரெண்டையும் எடுத்துத் தட்டுல வெச்சேன், என் உடம்பு சூட்டுல அது வெதுவெதுன்னு ஆகியிருந்துச்சு. என் சுடிதாரைப் போட்டுக்கிட்டேன். டார்ட் பிடிச்ச இடம் பழையபடி மடிஞ்சு விழுந்துச்சு. சின்ன ஜோடியை ஒரு தடவை தொட்டுப் பாத்தேன். கண்ணாடியில இதோட நின்னவளை எனக்குப் பிடிச்சிருந்துச்சே, அது பொய்யில்லையே. அதை இப்ப எங்க கொண்டு போய் வெக்கறது?

டாக்டர் பேனாவோட வந்து நின்னாங்க. "எதை எழுதிக்கட்டும்மா?"

"இன்னைக்கு எழுத வேண்டாம் டாக்டர். அந்தச் சின்னது எனக்குப் பிடிச்சிருக்கு. வேணுமா வேணாமான்னு எனக்கே தெரியல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பேசணும்."

"பேசுங்க. இது எங்கேயும் ஓடிப் போயிடாது," அப்படின்னு சொல்லிட்டு, தட்டை அவங்களே கையில எடுத்துக்கிட்டு வெளிய போனாங்க.

அக்காகிட்டேர்ந்து கைப்பையை வாங்கி ஃபோனை எடுத்தேன். அவர் மெசேஜ் அப்படியே இருக்கு. கழுத்து டிசைன் என்ன வேணும்னு கேக்கறாங்க. ரவுண்டு நெக்னு ரெண்டு வார்த்தை தட்டிவிட்டா இன்னைக்குப் பொழுது போயிடும். அம்மா சொன்ன மாதிரி உள்ள எதையாவது வெச்சுக்கலாம். ராத்திரியைப் பத்தி ராத்திரி பாத்துக்கலாம். நந்தினி பெட்டியோட ஆட்டோவிலேர்ந்து இறங்கினப்ப அவ அம்மா ஓடி வந்து முதல்ல பெட்டியைத்தான் வாங்கினாங்க, அவளை இல்ல. இது ஏன் இப்ப ஞாபகம் வருது? விரல் தானா கூப்பிடற பட்டனை அமுக்கிடுச்சு. ரிங் போகுது. எடுக்காம இருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டேன்.

"சொல்லுங்க." பின்னால தகரம் தட்டற சத்தம். "இருங்க, கொஞ்சம் தள்ளி வர்றேன். கழுத்து டிசைனா?"

"இல்லைங்க. அத்தைகிட்ட இருக்கற அந்த அளவு ஜாக்கெட் என்னோடது இல்ல. எங்க அக்காவோடது." அம்மா அவசரத்துல எடுத்துட்டாங்கன்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சொல்லல.

"ஓ. ரொம்ப வித்தியாசம் வருமா? அரை இன்ச் முக்கால் இன்ச்னா பிடிச்சுக்கலாம்னுதான் அம்மா சொல்வாங்க."

அக்கா என் முகத்தையே பாத்துட்டிருந்தா. அவ கை என் முழங்கையைப் பிடிச்சிருந்துச்சு.

"நாலு இன்ச்சுங்க. மார்புல. அது முப்பத்தாறு, நான் முப்பத்திரண்டு. நீங்க போட்டோல பாத்தது, அப்புறம் நேர்ல பாத்தது, ரெண்டுமே உள்ள பேட் வெச்சது. நான் இப்படித்தாங்க இருப்பேன். உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

தகரம் தட்டற சத்தம் மட்டும் கேட்டுச்சு. யாரோ ஒருத்தர் அண்ணேன்னு கூப்பிட்டார். காதுல வெச்சிருந்த ஃபோன் வியர்வையில வழுக்குச்சு. ஏமாத்திட்டீங்கன்னு சொல்லப் போறார். சொல்லட்டும். தாம்பாளத்தைத் திருப்பி அனுப்புவாங்க, அம்மா படுத்த படுக்கையா ஆயிடுவாங்க, தெரு கேக்கும், எதிர்வீட்டு வாசல்ல நந்தினி நின்னு பாப்பா. கட் பண்ணிடலாமா?

"முப்பத்திரண்டு," அப்படின்னார். மெதுவா, சொல்லிப் பாக்கற மாதிரி. "இருங்க, பேப்பர் இல்ல, இங்க தகரத்துலயே எழுதிக்கறேன்." சாக்பீஸ் கிறீச்சுன்னு இழுபடற சத்தம் கேட்டுச்சு, எனக்கு நல்லாத் தெரிஞ்ச சத்தம். "கைச் சுத்தளவு எவ்வளவு போடச் சொல்லட்டும்?"

அந்தக் குரல்ல கோபமா, வருத்தமா, வெறும் அளவா, எனக்கு ஒண்ணும் பிடிபடல. காதாலயே கண்டுபிடிக்கறது அவருக்குத்தான் வரும். இன்னைக்கு ராத்திரி அவங்க அம்மாகிட்ட என்ன சொல்வாரோ, நாளைக்குக் காலையில எங்க வீட்டு ஃபோன் அடிக்குமோ, அதெல்லாம் இனிமேத்தான். கைச் சுத்தளவு எனக்கு ஞாபகம் இல்லைன்னு அக்காவுக்குச் சைகை காட்டினேன். அவ டாக்டர் மேஜையில கிடந்த டேப்பை எடுத்து, என் சுடிதார் கையை மேல ஏத்திவிட்டு, சுத்திப் பிடிச்சுப் பாத்து, வாயை மட்டும் அசைச்சா.

"ஒன்பதரை," அப்படின்னு சொன்னேன்.